படத்துக்காக ஓர் உயிர்



காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டப விதானத்தில் நேமிநாதர் வரலாறும் ஓவியமாக விளங்குகிறது. தம் திருமண விருந்துக்கென அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பித் துறவு பூண்டவர் அப்பெருமான். அவர் எவ்வுயிரையும் கொல்லவில்லை. கொல்லுமாறு ஏவவும் இல்லை. தம் பொருட்டு அக்கொலை நிகழவிருந்தது என்பதே அவர் உள்ளத்தைத் திருப்பப் போதுமாயிற்று.

இக்காலத்தில் விருந்துக்கு மட்டுமன்றி, படத்துக்காகவும் உயிர்கள் அடைக்கப்படுகின்றன. ஆந்தை பாயும் காட்சியை வேண்டிக் கேமராவின் முன் உயிருள்ள எலி வைக்கப்படுகிறது. குஞ்சுகள் தெளிவாகத் தெரியும்பொருட்டுக் கூட்டை மறைத்த இலைகள் அகற்றப்படுகின்றன. பின்னர் அக்குஞ்சுகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகின்றன. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' என்னும் ஆவணப்படத்தில், லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் தாமே கூட்டமாக நீரில் வீழ்ந்து மடிவதாகக் காட்டப்பட்டது. உண்மையில் அவை வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து தள்ளப்பட்டவை. அப்படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. அப்பொய்யை இன்றும் பலர் உண்மையென நம்புகின்றனர்.

இத்தகைய படம் ஒரே வேளையில் இரண்டு விரதங்களைக் குலைக்கிறது: உயிரை வருத்துவதால் கொல்லாமை, நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டுவதால் வாய்மை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுயிரை இரை வைத்து ஈர்ப்பதையும், பறவைக் கூட்டைக் குலைப்பதையும் 'வேட்டை' என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. துப்பாக்கி இல்லை என்பதால் வேட்டை இல்லை என்றாகாது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும் என்பது சமணம். படம் எடுப்பவர் முதலாமவர். பணம் தந்து எடுப்பிப்பவர் இரண்டாமவர். கைப்பேசியில் கண்டு வியந்து பாராட்டுபவர் மூன்றாமவர். பாராட்டு இல்லையேல் இப்படங்களுக்குச் சந்தை இல்லை.

பட்டு நெய்யும் இந்நகருக்கு இவ்வினா புதிதன்று. கொதிநீரில் இடப்பட்ட கூட்டுப்புழுவைப் பற்றிச் சேலையின் பளபளப்பு ஒன்றும் சொல்வதில்லை. படத்தின் அழகும் அவ்வாறே மறைக்க வல்லது.

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். கேமரா ஏந்தும் இளைஞர்கள் அவர்களிடம் பாடம் கற்கலாம்: கரையிலேயே நின்று காத்திருத்தல், பறவை அஞ்சினால் விலகுதல், கிட்டாத படத்தைக் கிட்டாததாகவே விடுதல். பார்ப்பவர்க்கோ ஒரு கடமை போதும்: 'இது எவ்வாறு எடுக்கப்பட்டது?' என்று வினவிய பின்னரே பாராட்டுதல்.

அகிம்சையே பரம தர்மம்.