திரிங்காப்புக்கு எப்போது வரும் கருத்தரங்கு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகங்களின் உயிரியல் ஆய்வுக் கழகங்கள் நடத்தும் கருத்தரங்குகளாலும் பயிற்சிப் பட்டறைகளாலும் சாதாரண மக்களுக்கு என்ன பயன்? இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேராசிரியர் அல்லன். கேமரன் மலையில், திரிங்காப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். என் தாயார் அங்கே மருந்தடித்தவர்.

1980-களில் ஒரு நாள். எனக்குப் பதினொரு வயது இருக்கும். அம்மா களைக்கொல்லிப் புட்டியை நீட்டி, "எத்தனை மூடி ஊத்தணும்னு போட்டிருக்கு, பாத்துச் சொல்லுய்யா" என்றார். அளவை மட்டும் படித்துச் சொன்னேன். கீழே பொடி எழுத்தில் மலாயில் நிறைய இருந்தது. பந்து விளையாடப் போகும் அவசரம், படிக்கவில்லை. கையுறை அணிய வேண்டும் என்பது அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது. சில மாதங்களில் அம்மாவின் விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. அது பாராகுவாட் என்ற மருந்து. அது தோலையும் நகத்தையும் அரிக்கும். வாய்வழி போனால் உயிரையே பறிக்கும்.

இது அறிஞர்களுக்குத் தெரியாதா? தெரியும். 2002-இல் நம் அரசு அதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அவ்வளவு காலமும் மருந்தடித்த பெண்களிடம் அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர்?

ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மலையிலேயே நல்ல சான்று உண்டு. முட்டைக்கோசை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, அடித்த மருந்துக்கெல்லாம் பழகிக்கொண்டது. 1970-களில் ஆய்வாளர்கள் டயடெக்மா என்ற சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்று வளரும். ஆனால் விவசாயிகள் கடுமையான மருந்துகளைத் தொடர்ந்து அடித்ததால், குளவியும் சேர்ந்து செத்தது. குளவியைக் கொல்லாத மருந்துக்கு மாறிய பிறகே, 1980-களின் பிற்பகுதியில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. குளவியைக் கொண்டுவந்தது பாதி வேலைதான். தோட்டக்காரரிடம் விளக்கிச் சொல்வது மீதி வேலை.

இந்த மீதி வேலையைப் பக்கத்து நாடான இந்தோனேசியா 1989-இல் தொடங்கியது. அங்கே வயல்வெளிப் பள்ளி என்று வைத்து, விவசாயிகள் வாரம் ஒரு முறை வரப்பில் உட்கார்ந்து, எந்தப் பூச்சி பகை, எது நட்பு என்று தாங்களே எண்ணிப் பார்த்தார்கள். அதுவும் ஒரு பட்டறைதான். குளிர்சாதன அறை இல்லை, கோப்பு இல்லை, சான்றிதழுக்காக வந்த கூட்டமும் இல்லை.

இங்கே? செர்டாங் வேளாண் பள்ளி 1931-இல் தொடங்கியது. இன்று புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கீழ்நாட்டில் ஒரு கருத்தரங்கில் நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். திரையில் கேமரன் மலைக் காய்கறித் தோட்டத்தின் படம். பேச்சு முழுவதும் ஆங்கிலம். படத்தில் மருந்துத் தோம்பைச் சுமந்து நின்றவரைப் போன்ற ஒருவர்கூட அரங்கில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது நல்ல சுரைக்காய்தான், ஏட்டை விட்டு இறங்கவில்லை, அவ்வளவே.

எனவே ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு பட்டறையையாவது மலையில் வையுங்கள். தமிழிலும் மலாயிலும் பேசுங்கள். இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் படங்களால் காட்டுங்கள். கோயில் நிர்வாகங்களுக்கு: ஒரு ஞாயிறு மாலை மண்டபத்தைத் திறந்து விடுங்கள். உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு: நீங்கள் படித்ததை முதலில் வீட்டில் சொல்லுங்கள், பொடி எழுத்தையும் சேர்த்து.

நகம் போனதைப் பற்றி அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று நான் படிக்காமல் விட்டதை வேறொரு பிள்ளையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே வந்தேன்.