கோட்டம் எடுத்தல்



பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நீரிறைக்கும் பம்புகளைச் செய்யும் தொழிற்கூடங்களும் நிறைந்த நகரம் கோயமுத்தூர். அவற்றின் நடுவே, பெரிய பெயர்ப்பலகை எதுவும் இன்றி நடந்து வரும் சிறு தொழில் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளின் கம்பிச் சக்கரத்தைக் கட்டும் தொழில் அது. அதனை நான் கற்ற வரலாற்றையும், கற்கும்போது செய்த பிழை ஒன்றையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவே குடம். குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள். வெளியே இரும்புப் பட்டை. அங்கே மரக்கால்கள் தூண்களைப் போல் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. கம்பிச் சக்கரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மெல்லிய கம்பி தூணாக நிற்க இயலாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால் பெருவலிமை காட்டும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்னரே இழுத்து முறுக்கி வைக்கிறோம். பாரம் ஏறும்போது தரையை நோக்கியுள்ள கம்பிகளின் இழுப்புச் சற்றே குறைகிறது. மற்றவை ஏறக்குறைய முன்போலவே இருக்கின்றன. இந்தத் தத்துவத்தை இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1808-ஆம் ஆண்டிலேயே கண்டார். கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, 1874-இல், கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செல்லுமாறு அமைத்தார். அதனால், வண்டி பாயும்போது பாதிக் கம்பிகளும், பிரேக் பிடிக்கும்போது மற்றப் பாதியும் இழுப்பை ஏற்றுக்கொள்கின்றன.

அந்தக் கவென்ட்ரி நகரத்தில் உருவான ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான், சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்வைத் திசை திருப்பியது. உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து அவ்வண்டியை வாங்கினார், பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பிரித்துப் பார்த்துக் கற்கும் அந்த வழக்கம் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

நான் தொழிற்பள்ளியில் பயின்று, இழுவிசையைப் பற்றிப் புத்தகத்தில் படித்த பின்னரே பட்டறைக்குள் நுழைந்தேன். அங்கிருந்த மேஸ்திரி பள்ளிக்கூடம் அறியாதவர். சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட் வண்டிகளே எங்களிடம் மிகுதியாக வரும். அவற்றின் சக்கரத்துக்கு 40 கம்பிகள். முதலில் உட்கம்பிகள், பிறகு வெளிக்கம்பிகள். எல்லா நிப்பிள்களையும் ஒரே அளவு திருகி நிறுத்த வேண்டும். பின்னர்ச் சக்கரத்தைத் தாங்கியில் ஏற்றிச் சுழலவிட்டு, ரிம்மின் ஓரத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடிக்க வேண்டும். கோடு விழும் இடம் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்கி, அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டும். அதுவும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுத்தான். இதற்குக் 'கோட்டம் எடுத்தல்' என்று பெயர்.

மேஸ்திரி கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் தட்டிச் செவிசாய்ப்பார். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். “இறுகின கம்பி அறாது கண்ணு, தளர்ந்த கம்பிதான் அறும்” என்பார். முதலில் இது எனக்கு விந்தையாகப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தபோதே உண்மை விளங்கிற்று. அச்சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்த கம்பி முற்றும் தொய்ந்து, மீண்டும் வெடுக்கென்று இழுபடுகிறது. அப்படிப் பல்லாயிரம் முறை அசைந்த கம்பி தன் கழுத்தில் களைத்து முறிகிறது.

ஒரு நாள் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து அன்பர் ஒருவருடைய வண்டியின் பின்சக்கரத்தை நான் தனியே கட்டினேன். சாக்குக்கட்டி எங்கும் தீண்டவில்லை. பெருமிதத்தோடு மேஸ்திரியைப் பார்த்தேன். “மாட்டி, நீயே முதலில் ஓட்டிப் பார் கண்ணு” என்றார். சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். சக்கரம் வட்டமாக இருந்தது, நேராகவும் இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பழைய ரிம்மைக் கழற்றுமுன், அது பிரேக் டிரம்மிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று நான் அளக்கவே இல்லை!

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவ்வன்பர் அந்த வண்டியில் அவ்வளைவுகளைக் கடந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணியபோது என் கை நடுங்கிற்று. மேஸ்திரி கடிந்துகொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த மூங்கில் குச்சியை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு வகை வண்டிக்கும் உரிய அளவை அதில் அவர் வெட்டுக்குறியாகப் பதித்து வைத்திருந்தார். நான் படித்த ஏடுகளில் இல்லாத ஏடு அது. அக்குறியின்படி ஒரு பக்கத்து 20 கம்பிகளைத் தளர்த்தி, மறுபக்கத்து 20 கம்பிகளை இறுக்கி, இரவு முழுவதும் உழைத்துச் சக்கரத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தேன். காலையில் மீண்டும் நானே முதலில் ஓட்டினேன். பின்னர் அக்குறிகளையெல்லாம் அளந்து குறிப்பேட்டில் எழுதினேன். மேஸ்திரி இன்று இல்லை. அந்தக் குறிப்பேட்டிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் படி எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது வார்ப்புச் சக்கரங்கள் பெருகிவிட்டன. ஆயினும் கம்பிச் சக்கரம் மறைந்துவிடவில்லை. 2016-இல் வெளிவந்த ஹிமாலயன் மோட்டார் சைக்கிள் கம்பிச் சக்கரங்களோடுதான் வந்தது. வெடித்த வார்ப்புச் சக்கரத்தை எறிய வேண்டும். கம்பிச் சக்கரத்திலோ அறுந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றிக் கோட்டம் எடுத்துவிடலாம். மேடு பள்ளமான வழிகளில் செல்வோர் இதனை நன்கு அறிவர்.

நண்பர்களே, திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லின் கோணலையும் உள்ளத்தின் கோணலையும் 'கோட்டம்' என்றே குறிக்கிறார். நீங்கள் கல்லூரியில் படிக்கும் அச்சொல் எங்கள் பட்டறையில் நாள்தோறும் வழங்குகிறது. உங்களில் யாரேனும் கைத்தொழில் கற்கப் புகுந்தால், இரண்டை மட்டும் மறவாதீர்கள். கழற்றுமுன் அளந்துகொள்ளுங்கள். பிறர் உயிரை நம்பி ஒப்படைக்கும் பொருளை, முதலில் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.