சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி எதற்கு?

(சிங்கப்பூரில் பாலர் பள்ளித் தமிழாசிரியர் பயிற்சி குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், நம் வீடுகளில் தமிழ்ப் புழக்கம் குறைந்து வருகிறது என்று வருத்தப்பட்டார். வருத்தத்துக்குக் காரணம் உண்டு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. இந்த எண்களை மேடைக்கு மேடை கேட்டுப் பெருமூச்சு விடுகிறோம். நான் கேட்க விரும்புவது வேறு. ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வருகிற நாலு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாகத் தமிழில் பேசிப் பழக்கப்போகிறவர் யார்? அவருக்கு என்ன பயிற்சி? அந்தப் பயிற்சிக்கு நம் வீட்டிலிருந்து யாரை அனுப்புகிறோம்?

மகள் பாலர் பள்ளி ஆசிரியராகப் போகிறாள் என்று ஒரு தாய் சொன்னால், உறவினர் என்ன கேட்கிறார்கள்? "பிள்ளைங்களப் பார்த்துக்கிற வேலையா? அதுக்கு எதுக்கும்மா மூணு வருஷம் படிப்பு?" மகன் போகிறேன் என்றால் கேள்வியே வராது, சிரிப்புத்தான் வரும். ஆண் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத பாலர் பள்ளிகள் ஏன் இத்தனை என்று பிறகு நாமே வியக்கிறோம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்றால் நமக்கு மரியாதை இருக்கிறது. அதற்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. 1950ல் இங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் 1991ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அமைந்த தேசிய கல்விக் கழகம். பாலர் கல்வி அந்த இடத்துக்கு வரக் காலமாயிற்று. 2013ல் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு உருவானது. 2019ல் தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம் வந்தது. நீ ஆன், தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், என்டியுசியின் சீட் கழகம் ஆகியவை தனித்தனியாக நடத்திவந்த பாலர் கல்விப் பயிற்சிகளை அது ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. தமிழையும் பாலர் கல்வியையும் இணைத்துப் படிக்கும் பட்டயப் படிப்பு நீ ஆனில் தொடங்கப்பட்டதே, நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. பிள்ளை ஓடிவந்து, "டீச்சர், ஐ வாண்ட் தண்ணி" என்கிறது. பயிற்சி இல்லாதவர், "தமிழ்ல சொல்லு!" என்பார். பிள்ளைக்கு அது தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருக்குமே! மறுநாள் அது தண்ணீர்கூடக் கேட்காது. பயிற்சி பெற்றவர், "தண்ணி வேணுமா? இந்தா, தண்ணி குடி. போதுமா, இன்னும் வேணுமா?" என்பார். ஒரே மூச்சில் அந்தச் சொல் பிள்ளையின் காதில் இரண்டு தடவை விழுந்துவிட்டது. திருத்தியது பிள்ளைக்கே தெரியாது. கேட்க எளிதாக இருக்கிறது. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பில், நாள் முழுவதும், எரிச்சல்படாமல் இதைச் செய்ய வேண்டும். பாலர் வகுப்பு 2ல் ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் வரை இருக்கலாம் என்பது விதி.

காத்திருப்பதையும் பயில வேண்டியிருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் தாங்களே பேசிவிடுவார்கள். மூன்று விநாடி பொறுத்திருக்கப் பழகியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தவை ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகள். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் சொல்லவேண்டிய நம் பிள்ளைக்கு மூன்று விநாடி போதுமா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் மொழியைப் புதிதாகக் கேட்கும் பிள்ளைகள் சிலர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடப் பேசாமல் இருப்பதுண்டு. கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று பயிற்சி பெற்றவர் அறிவார். "உங்க பிள்ளைக்குத் தமிழ் வரல" என்று மற்றவர் பெற்றோரிடம் சொல்லிவிடுவார். அந்தச் சொல்லோடு தமிழை மூட்டை கட்டிவைத்த வீடுகள் உண்டு.

இன்னொன்று, எந்தத் தமிழில் பேசுவது என்பது. 2005ல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அன்று அதை எதிர்த்தவர்கள் பலர். தமிழ் கெட்டுவிடும் என்றார்கள். "அமர்க" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது நின்றுகொண்டுதான் இருக்கும் என்பது என் கட்சி. அதே ஆசிரியர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை விரித்து, விரலை ஓட்டி வாசிக்கும்போது எழுத்துத்தமிழ் வரட்டும். எப்போது எதை என்று தெரிவதுதான் தேர்ச்சி. வகுப்புப் பாடத்தில் அது பாதிதான் வரும். மீதி, அனுபவமுள்ள ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்க்க, உண்மைப் பிள்ளைகள் முன் நின்று பயிலும் வாரங்களில் வருகிறது. பாடம் முடிந்த பிறகு எந்தப் பிள்ளை யாரோடு விளையாடியது, எந்தச் சொல்லைச் சொன்னது என்று குறித்துவைக்கச் சொல்வார்கள். பயிற்சியாளர்கள் அதிகம் அலுத்துக்கொள்வது அதற்குத்தான். எனக்கு அதுதான் முழுப் பயிற்சியிலும் உயர்ந்த பகுதி.

2014ல் தொடங்கிய கல்வி அமைச்சுப் பாலர் பள்ளிகளில் மூன்று தாய்மொழிகளும் உண்டு, நாள்தோறும் ஒரு மணி நேரம். மற்ற பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு, சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆசிரியர் இல்லை என்பதால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாததால் பெற்றோர் கேட்பதில்லை. யாரும் கேட்காத பாடத்துக்குப் பயிற்சி பெற இளையர் வருவதில்லை. இந்தச் சுற்றை எங்காவது அறுக்க வேண்டும். பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவைக்கலாம். ஒருவர் கேட்டால் ஒதுக்கிவைப்பார்கள், பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

வந்திருக்கும் இளையர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக் கட்டணத்துக்கு உதவித்தொகைகள் உண்டு, படித்து முடித்ததும் சில ஆண்டுகள் பணியாற்றும் ஒப்பந்தமும் உண்டு. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். விண்ணப்பிக்கும் முன், விடுமுறையில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராகச் சில வாரம் இருந்து பாருங்கள். முதுகு வலிக்கும், தொண்டை கட்டும், சளி பிடிக்கும். அதற்குப் பிறகும் மறுநாள் போக வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பத்தை அனுப்பலாம்.

கேள்விகளுக்கு நேரம் வேண்டும் என்று நெறியாளர் கைகாட்டுகிறார். உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.