கரண்ட் போன ஆறு நாட்கள்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தச் சபையில் பாதிப் பேர் அமெரிக்கா போய் வந்திருப்பீர்கள். ஆகையால் நயாகராவைப் பற்றிப் பேசப் போவதில்லை. அங்கே ஆறு நாட்கள் கரண்ட் இல்லாமல் இருந்ததையும், அப்போது எனக்குப் புத்தி வந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

2012 அக்டோபர் 29, திங்கட்கிழமை. நியூ ஜெர்சியில் பிள்ளை வீட்டில் இருந்தோம். அன்று இரவு 'ஸாண்டி' புயல் அட்லாண்டிக் சிட்டி அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதி கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மின்கம்பிகள் பெரும்பாலும் மரக்கம்பங்களில், பெரிய மரங்களுக்கு நடுவே போகின்றன. மரங்கள் சாய்ந்தன, விளக்கு அணைந்தது.

நமக்குப் பழக்கம்தானே என்று நினைத்தேன். நான் பௌதிகம் படித்தவன். இருந்தும் ஒரு விஷயம் மறுநாள்தான் உறைத்தது. வீட்டைச் சூடாக்கும் உலை காஸில் எரிவது, காஸும் வந்துகொண்டிருந்தது. ஆனால் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே! பல பெட்ரோல் பங்குகளிலும் இதே கதை. பூமிக்கடியில் பெட்ரோல் இருந்தது, மேலேற்றப் பம்ப் ஓடவில்லை. நவம்பர் 3 முதல் 12 மாவட்டங்களில் கார் எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பெட்ரோல் போட்டார்கள்.

சமையலுக்குக் கவலை இல்லை. காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து ரசமும் சுட்ட அப்பளமும் ஆயிற்று. பால், தயிரை வாசலில் வைத்தால் போதும், ஊரே ஃப்ரிட்ஜ்! சிரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் இரவு சிரிப்பு நின்றது. என் சகதர்மிணிக்கு ஆஸ்துமா உண்டு. குளிரில் இழுப்பு அதிகமாயிற்று. நெபுலைசர் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இன்ஹேலரை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பொழுது விடிய விட்டாள்.

ஊர்ப் பொது நூலகத்தில் கரண்ட் இருப்பதாகக் காலையில் மாட்டுப்பெண் விசாரித்து வந்தாள். போனோம். மேஜைக்கு மேஜை எக்ஸ்டென்ஷன் போர்டு. கல்லூரி மாணவர்கள், கட்டட வேலைக்காரர்கள், தரையில் விளையாடும் குழந்தைகள் என்று ஊரே அங்கே இருந்தது. எங்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது, ஊர்க்காரர்களும் இல்லை. நெபுலைசரைக் காட்டினேன். அங்கிருந்த பெண்மணி பின்னால் ஒரு சிறிய அறையைத் திறந்து, நாற்காலி போட்டு, ப்ளக்கைக் காட்டிவிட்டுப் போனார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. கால் மணியில் மூச்சு சீரானது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வரும் வரை தினமும் போனோம்.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு பழைய விஷயம் உறுத்தியது. அதே 2012-ல், ஜூலை 30 விடியற்காலை வட இந்திய கிரிட் விழுந்தது. மறுநாள் பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றுமே விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் கரண்ட் இல்லை. தில்லியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. சங்கக் கூடத்தில் ஜெனரேட்டர் இருந்தது. வாடகைக்குக் குடியிருந்த ஒருவர் வந்து, படுத்த படுக்கையாக இருக்கும் தகப்பனாரைக் கூடத்து விசிறிக்கு அடியில் படுக்க வைக்கலாமா என்று கேட்டார். அவர் சங்க உறுப்பினர் இல்லை. "கமிட்டியைக் கேட்க வேண்டும்" என்றேன். முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்த வாய்! சாயங்காலத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் புண்ணியம் எதுவும் இல்லை.

நூலகத்துப் பெண்மணிக்கும் விதிகள் இருந்திருக்கும். அவர் முதலில் கதவைத் திறந்தார். நான் முதலில் விதியைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஸார், காபி சாப்பிடுங்கோ" என்றார். அந்தக் காபியை விழுங்கச் சிரமமாக இருந்தது.

கூடம் உள்ள கிளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு இன்வர்ட்டர், நாலு எக்ஸ்டென்ஷன் போர்டு, குடிதண்ணீர் இருக்கட்டும். சாவி, கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஒருவரிடம் இருக்கட்டும். புயலோ வெள்ளமோ வந்து கரண்ட் போனால், தெருவில் உள்ள எல்லோருக்கும் கூடத்தைத் திறந்துவிடுங்கள். உறுப்பினரா, எந்த ஊர், என்ன பெயர் என்பதையெல்லாம் கரண்ட் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.