பழைய காகிதங்களும் நம் உரிமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டிலே அடிமை ஒழிப்புக்காக வாதாடிய சார்லஸ் சம்னர் என்ற செனட்டர் ஒருவர் இருந்தார். 1856ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், செனட் மண்டபத்திலேயே எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரால் தடி கொண்டு தாக்கப்பட்டவர். அதற்கு முன்பே, 1849இல், பாஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவதை எதிர்த்து அவர் வழக்காடினார். அப்போது அவர் எடுத்துக்காட்டிய உவமை எது தெரியுமா? நம் நாட்டுச் சாதி முறைதான். வழக்கில் அவர் தோற்றார். ஆயினும் 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அப்பள்ளிப் பிரிவினையைச் சட்டத்தால் விலக்கிற்று. அவருக்கு வந்த கடிதங்கள் பல்லாயிரம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. அவரை ஆராய விரும்புவோர் அங்கே சென்று அமர்ந்து படிக்கலாம்.

நமக்கு அத்தகைய கடிதங்கள் உண்டா என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்டு. அவற்றுள் பெரும்பகுதி நம் கையில் இல்லை. நம்மை ஆண்டவர்களின் கட்டுகளிலே கிடக்கிறது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமை முறையை ஒழித்தது என்று பாடநூல்களிற் படிக்கிறோம். உண்மையில் அச்சட்டம் செய்தது, ஒருவன் மற்றொருவனுக்கு உடைமை என்னும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விலக்கியதே. பண்ணையை விட்டு வெளியேறியவன் எங்கே போய் வாழ்வான் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நிலமும் இல்லை, குடியிருக்கும் மனையும் இல்லை.

48 ஆண்டுகள் கழித்து, 1891ஆம் ஆண்டு அக்டோபரில், செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் என்பார் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடிசை நிற்கும் மண் மிராசுதாருடையது; ஆதலால் எதிர்த்துப் பேசினால் குடிசையே போய்விடும். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. சிறு கடனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் தலைமுறை தலைமுறையாக ஆளைப் பண்ணையில் கட்டிப்போட்டது. அடிமை என்ற பெயர் ஏட்டிலிருந்து போய்விட்டது, கட்டு அவிழவில்லை. வருவாய் வாரியம் அவர் கூற்றை முழுதும் ஏற்கவில்லை. ஆயினும் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த அதிகாரியைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் பேனா பிடித்த அதே ஆண்டில் நம்மவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1891இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். செங்கற்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்றை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்தது அவ்விண்ணப்பம். அவர் கேட்டது சரிதானா என்பது வேறு வழக்கு. அதனை நம் இளைஞர்கள் தனியே விவாதிக்கட்டும். நம்மை வியக்க வைப்பது அந்த 112 அடிதான். எழுதப் படிக்கத் தெரிந்தோர் எண்ணிக்கை மிகச் சிறிதாயிருந்த காலத்தில் எத்தனை தெருக்களுக்கு அந்தத் தாள் போயிருக்க வேண்டும்!

1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அளித்த மனுவின் பிரதிகள் இரண்டு மூன்று வேண்டும் என்பதே அவர் கேட்டது. ஜூலை 31ஆம் நாள் டு போய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். அக்கடிதங்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக உள்ளன. உலகறிந்த ஒரு தலைவர் கடல் கடந்து கேட்டது மனுவின் பிரதியைத்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

காகிதத்தால் என்ன பயன் என்போர் உண்டு. ஒதுக்கீட்டு நிலங்களின் நிபந்தனைகளைக் கேளுங்கள். பத்தாண்டு வரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கொடுக்கலாம். இந்த நிபந்தனை ஏட்டில் இருந்தும் எத்தனையோ நிலங்கள் பிறர் கைக்குப் போயின. நிபந்தனை எழுதிய பக்கத்தைக் காட்ட முடிந்தவன் வாதாடுகிறான். காட்ட முடியாதவன் அழுகிறான். 1994 அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டனர். ஏட்டில் எழுதியிருந்த உரிமையைக் கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நம் தளவாய்புரம் வட்டாரத்து இளைஞர்கள் இதில் இறங்க வேண்டுமானால் வேலை சிறியதுதான். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பட்டா, வரி ரசீது, கடன் பத்திரம், பழைய மனுக்களின் நகல் ஆகியவற்றைக் கரையானுக்குக் கொடாமல் எடுத்து, ஆண்டும் ஊரும் ஒரு தனித் தாளில் குறித்து வையுங்கள். கிராமத்து அ-பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்பவர்கள் ஒன்றை நினைவிற் கொள்க. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது, பின்னர் இராமநாதபுரம், 1985 முதல் காமராசர் மாவட்டம், அதுவே இன்றைய விருதுநகர். ஆகவே பாட்டன் காலத்துக் காகிதத்தை விருதுநகர் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது; திருநெல்வேலிக் கட்டுகளையே முதலில் கேளுங்கள்.