மாத்திரை கூடினால் நோய் சீக்கிரம் குணமாகுமா?



காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறான் மகன். பக்கத்து வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சொல்கிறான். பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், இப்படித் தவிக்கும் குடும்பங்கள் முதலில் போவது மருத்துவமனைக்கா? பல நேரங்களில் இல்லை. செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டுகிறார்கள். தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரே கேலிச் சொல்லாகிவிட்ட நாட்டில், நோயை வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். பிறகு மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கினாலும், கை நடுங்குகிறது, உடம்பு விறைக்கிறது என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்புகிறது.

மாத்திரை மூளைக்குள் என்னதான் செய்கிறது?

டோபமின் என்ற இரசாயனம் மூளையில் செய்திகளைக் கொண்டு செல்கிறது. அது வந்து அமரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மனச்சிதைவு நோயில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மருந்து அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கிறது.

எத்தனை இடங்களைப் பிடிக்கிறது என்பதைக் காட்டியது பெட் ஸ்கேன். தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடுவதைப் போன்றதுதான் இது. மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட பொருளை ஊசி மூலம் செலுத்துவார்கள். அது காலியான ஏற்பிகளில் அமர்ந்து படத்தில் ஒளிரும். மருந்து பிடித்த இடம் ஒளிராது.

1988இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா கழகத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினர், வழக்கமான அளவு மருந்து 65 முதல் 85 விழுக்காடு ஏற்பிகளைப் பிடிப்பதைக் கண்டனர். 2000இல் கனடாவின் டொராண்டோவில், டில்லி எய்ம்ஸில் படித்த டாக்டர் ஷிதிஜ் கபூர் குழுவினர் முதல்முறை நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தனர். 10, 20 மில்லிகிராம் வரை தரப்பட்டுவந்த ஹாலோபெரிடால் மருந்தை, 1 அல்லது 2.5 மில்லிகிராம் அளவில் தொடங்கினர். 65 விழுக்காட்டைத் தாண்டியபோது குணமடையும் வாய்ப்பு கூடியது. 78ஐத் தாண்டியபோது விறைப்பும் நடுக்கமும் கூடின.

ஆக, மருந்து கூடக்கூடக் குணம் கூடுவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் தொல்லைதான் கூடுகிறது. எல்லா மருந்துக்கும் இதே கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். குளோசபின் இதைவிடக் குறைந்த இடத்தைப் பிடித்தே பலன் தருகிறது.

இன்னொன்றையும் ஸ்கேன் காட்டியது. மருந்து சில மணி நேரத்திலேயே ஏற்பிகளைப் பிடித்துவிடுகிறது. முழுப் பலன் தெரியவோ வாரக்கணக்கில் ஆகிறது. நாலு நாளில் மாற்றமில்லை என்று கைவிடுவது தவறு.

ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. அதன் பாடம் போதும். கை நடுங்குகிறது என்று நோயாளி சொன்னால் அது நடிப்பல்ல. மாத்திரையைக் குப்பையில் போடாமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று அதைச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது. மறைத்து வைத்தால் வழியே இல்லை.