சாமைச் சோறும் உடல் எடையும்

(திருவண்ணாமலை உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயிருக்கு உரம் இடுமுன் மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கிறோம். ஆனால் நம் வயிற்றுக்கு இடும் சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. ஏர் பிடித்த காலத்தில் உண்ட அதே அளவுச் சோற்றை, டிராக்டர் வந்த பின்னும் உண்கிறோம். மிஞ்சுவது இடுப்பில் கொழுப்பாகத் தங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும், பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேற்பட்டால் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இன்றே ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

கிளைசெமிக் குறியீடு என்றால் என்ன?

யூரியா உடனே கரைந்துவிடும். தொழுவுரம் மெள்ள மெள்ளச் சத்தைக் கொடுக்கும். மாவுச்சத்து உணவுகளும் இப்படித்தான். சில உணவுகள் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகின்றன. சில மெதுவாக ஏற்றுகின்றன. இதை அளக்கும் முறையை 1981ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டனர். குளுக்கோஸை 100 எனக் கொண்டால், 55 அல்லது அதற்குக் கீழ் உள்ளது குறைந்த குறியீடு. 70 அல்லது அதற்கு மேல் உள்ளது அதிகக் குறியீடு. மெதுவாகச் செரிக்கும் உணவு பலருக்கு நெடுநேரம் பசி தாங்கும். இடையில் போண்டாவும் இனிப்பு டீயும் தேடாமல் இருக்கலாம்.

நம் நிலத்திலேயே இருக்கிறது

நன்கு தீட்டிய வெள்ளை அரிசியைவிட, தவிடு போகாத சாமைக்கும் தினைக்கும் குறியீடு பொதுவாகக் குறைவு, நார்ச்சத்து அதிகம். ஜவ்வாது மலை மக்கள் மானாவாரியில் காலங்காலமாகச் சாமை விளைவிக்கிறார்கள். அத்தியந்தலில் உள்ள பல்கலைக்கழகச் சிறுதானிய மையம் 'ஏ.டி.எல். 1' என்ற சாமை இரகத்தையும் தந்துள்ளது. அப்படியிருந்தும், விளைந்த சாமையை முழுவதும் விற்றுவிட்டு வெள்ளை அரிசி வாங்கி உண்ணும் வீடுகள் பல.

அளவு முக்கியம்

"மூன்று மாதம் சாமை தின்றேன், எடை குறையவில்லையே" என்று ஓர் உழவர் என்னிடம் கேட்டார். விசாரித்தபோது, நெய் மிதக்கும் சாமைப் பொங்கலைத் தட்டு நிறைய உண்டிருக்கிறார்! 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 345 கலோரி; சாமையிலும் ஏறத்தாழ 340 கலோரி. சாமை மருந்தல்ல, குறைவாக உண்டு பசி தாங்க உதவும் உணவு.

கவனிக்க வேண்டியவை:

1. ஒரு வேளைக்கு ஒருவருக்கு 60 கிராம் சாமை அரிசி போதும். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு. கால் பங்கு மட்டும் சோறு.

2. வெள்ளை வெளேரென்று தீட்ட வேண்டாம். மாவாக அரைத்தாலும், கூழாகக் குழைய வேகவைத்தாலும் விரைவில் செரித்துக் குறியீடு ஏறும். பொலபொலவென்று வடியுங்கள்.

3. காராமணி, கொள்ளு, மொச்சை, பச்சைப்பயறு ஆகியவற்றின் குறியீடு குறைவு. வரப்போரம் விளைவதைச் சமையலறைக்குக் கொண்டு வாருங்கள்.

4. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

வீட்டுக்கு எவ்வளவு நிறுத்துவது?

நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு வேளை என்றால் 240 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 88 கிலோ சாமை அரிசி. உமியும் போகும் என்பதால் தானியமாகச் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்குங்கள். தவிட்டோடு கூடிய அரிசி சீக்கிரம் சிக்கடித்துப் போகும். எனவே தானியமாகக் காயவைத்துச் சேமித்து, அவ்வப்போது தேவைக்கு மட்டும் உமி நீக்கிக்கொள்ளுங்கள்.

பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலம் நடக்கிறோம். மற்ற நாட்களில் அரை மணி நேரமாவது நடப்போம். விதைக்கென ஒதுக்குவது போல வீட்டுக்கும் ஒரு பங்கு சாமையை ஒதுக்கிய பிறகே மூட்டையைச் சந்தைக்கு ஏற்றுவோம்.